சில்க்போர்க் இறுதியாட்டமும் ஒரு கௌரிக் காப்பும்

சனிக்கிழமைகளில் என் கால்கள் எனக்கு முன்னதாக எழும்பிவிடுகின்றன. முழங்கால் ஒன்றை மாற்றியாயிற்று, மற்றது தன் முறைக்குக் காத்திருக்கிறது. ஆனாலும் வெளியே புல் நனைந்திருக்கிறதா, காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்க்காமல் என்னால் தேத்தண்ணி குடிக்க முடிவதில்லை.

"எங்கை வெளிக்கிடுறியள்? நீங்கள் ஊதாட்டியும் பந்து உருளும்" என்பாள் மனைவி.

உருளும்தான். அதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

என் சம்பளம் டென்மார்க்கின் பிராண்டேயில், காற்றாலைக்கு இறக்கை செய்யும் தொழிற்சாலையில். அது இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. நான் ஓய்வுபெற்றது விசிலிலிருந்து. வாரத்தில் ஐந்து நாள் பிசினும் கண்ணாடி நாரும் மணக்க நின்றவன், வார இறுதியில் கறுப்புச் சட்டை போட்டு, இரண்டு அணிகளுக்கு நடுவில் ஒரு பக்கமும் சாயாமல் ஓடினேன். எது என் வேலை என்று யாராவது கேட்டால், சம்பளம் தந்ததை ஒருநாளும் சொன்னதில்லை.

எங்கள் விளையாட்டுக் கழகத்தில் துர்க்கா என்றொரு பிள்ளை நடுவர் பயிற்சி முடித்திருக்கிறாள். போன மாதம் வந்து, கழகத்தின் ஆண்டு மலருக்கு ஒன்று எழுதித் தரச் சொன்னாள். காதுக்குள் செருகும் கருவி ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். இப்போது நடுவர் மூவரும் ஆட்டம் முழுக்க ஒருவரோடு ஒருவர் பேசலாமாம்.

"உங்கடை காலத்திலை இது இல்லாமல் என்னெண்டு அங்கிள் கதைச்சனீங்கள்?"

"கதைக்கேல்லை. ஆளை ஆள் பாத்தனாங்கள்."

"பாத்தா விளங்குமோ?"

"சில நேரம் விளங்கும். சில நேரம் ரெண்டு பேருக்கும் விளங்காது, ஆனா ரெண்டு பேரும் ஒரே பக்கம் கையைக் காட்டுவம்."

அவள் சிரித்துவிட்டு, "அதை எழுதுங்கோ" என்றாள். எழுத உட்கார்ந்தால் வருவது ஒரே ஓர் ஆட்டம்தான்.

பழகிய காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். பதினெட்டு வயதில் வந்தேன். மொழிப் பள்ளிக்கூடம், மீன் வெட்டும் இடம், பிறகு பிராண்டே. எங்கள் தமிழ் அணியில் வலப்பக்கம் ஓடினேன். ஒருநாள் நடுவர் வரவில்லை. டெனிஷ் அணிக்காரர், "உங்களில் யாராவது ஊதுங்கள்" என்றார்கள். எங்கள் ஆட்கள் என்னைத் தள்ளிவிட்டார்கள், அணியில் மிகக் கேவலமாக விளையாடுகிறவன் நான் என்பதால். விசிலை ஊதினேன். மைதானம் முழுவதும் நின்று என் பக்கம் திரும்பியது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அத்தனை பேர் ஒரே நேரத்தில் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. அந்த ருசி போகவேயில்லை. பரீட்சை எழுதினேன், ஓடிக் காட்டினேன், சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்களை ஊதிக் கூலியாகச் சொசேஜ் பாண் சாப்பிட்டேன். பிறகு பௌலின் கையில் அகப்பட்டேன்.

எங்கள் பகுதியில் எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்று முடிவுசெய்வது பௌல். பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கட்டடம் பார்க்கிற வேலை. சின்ன உடம்பு, பெரிய காது. அவர் சத்தம் போட்டு நான் கண்டதில்லை. "நான் பெனால்டி கொடுத்தேன்" என்று சொல்லமாட்டார்; மழை பெய்தது என்பதைப் போல, "பெனால்டி ஆனது" என்பார்.

மைதானத்துக்கு எல்லாருக்கும் முதல் வந்து, கோட்டின் வழியே ஒரு சுற்று நடப்பார். கோல் வலையின் ஒவ்வொரு கொளுக்கியையும் பிடித்து இழுப்பார். "ஓட்டை எங்கேயும் இருக்கும். உன் கண்ணில் படாவிட்டால் பந்தின் கண்ணில் படும்." பிறகு வீரர்களை நடைபாதையில் வரிசையாக நிறுத்துவார். முதலில் கைகள்: கையுறை கழற்றி, புறங்கை மேலே, உள்ளங்கை மேலே, விரல் விரித்து. பிறகு காது, கழுத்து, முடி. கடைசியில் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக் காலைப் பின்னால் தூக்கச் சொல்லி, சப்பாத்தின் அடியில் இருக்கும் குமிழ்களை விரலால் தடவிப் பார்ப்பார், லாடம் அடிக்கிறவர் குதிரையைப் பார்ப்பதுபோல. சங்கிலி, மோதிரம், தோடு, வளையல், ரப்பர் பட்டி, தோல் பட்டி ஒன்றும் கூடாது. ஒட்டுநாடாவால் மறைக்கவும் கூடாது. இதெல்லாம் புத்தகத்தில் இருப்பதுதான். புத்தகத்தில் இல்லாதது, கை கொடுப்பதற்கு முன் அவர் தன் விரல்களைக் கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்கிக்கொள்வது.

என்னை அவர் முதலில் பார்க்க வந்த ஆட்டம் முடிந்ததும் தன் காருக்குள் கூப்பிட்டார். கறுப்புப் பாணில் ஈரல் பூசிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஊதுவதற்கு முன் சிரிக்கிறாய்."

"மரியாதைக்கு" என்றேன்.

"அவர்களுக்கு அது அப்படித் தெரியவில்லை. நீ அனுமதி கேட்கிறாய் என்று நினைக்கிறார்கள்." மிச்சப் பாணையும் கடித்துவிட்டு, "மற்றதெல்லாம் பரவாயில்லை" என்றார்.

பஸ் சாரதிக்குச் சிரித்து, கொம்யூன் என்ற நகரசபைக் கந்தோரில் சிரித்து, பிள்ளையின் ஆசிரியைக்குச் சிரித்து, மொழி வராத இடங்களையெல்லாம் சிரிப்பால் நிரப்பி வந்த வாய் இது. விதிகளைப் படிக்க ஒரு மாரிகாலம் போதுமாக இருந்தது. அந்தச் சிரிப்பை இறக்கிவைக்க வருடங்கள் போயின.

இன்னொரு தடவை, எங்கள் தமிழ்ப் பொடியன் ஒருவன் எதிரணிக்காரனோடு மோதப்போனான். ஓடிப்போய் அவன் காதுக்குள், "ஆறு, ஆறடா" என்றேன். ஆறினான். எனக்கோ பெருமை. பௌல் கேட்டார், அவனுக்கு என்ன சொன்னாய் என்று. சொன்னேன். "மற்ற அணிக்கு அது தெரியாதே. அவர்களைப் பொறுத்தவரை எங்கே அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாய்." அன்றிலிருந்து கறுப்புச் சட்டை போட்டால் டெனிஷ் மட்டும்தான்.

இப்போது அந்த ஆட்டம்.

இலையெல்லாம் கொட்டி முடிகிற நேரத்தில் கல்லூரிப் பெண்களின் உதைபந்தாட்டப் பருவமும் முடியும். புள்ளிப் பட்டியலில் மேலே வந்த நான்கு அணிகளுக்கு மட்டும் ஒரு வார இறுதிச் சுற்று உண்டு. சனி அரையிறுதி, ஞாயிறு இறுதி. கிண்ணம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அதுவே சேர்ந்து ஆடும் கடைசி ஆட்டம். கோடையில் கல்லூரி முடித்த அடையாளமாக வெள்ளைத் தொப்பி போட்டு, லொறியில் நின்று பாடிக்கொண்டு ஊரைச் சுற்றுவார்கள். பிறகு ஆளுக்கொரு நகரம். அதனாலோ என்னவோ, ஆண்களின் எந்தக் கிண்ண ஆட்டத்திலும் நான் காணாத ஓட்டத்தை அங்கே கண்டிருக்கிறேன். ஆண்கள் நடுவரோடு சண்டை பிடிப்பார்கள். இந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை பிடித்து முடித்துவிட்டு, "இவ்வளவு நேரமும் எங்கே போனாய்?" என்பதுபோல என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே ஒவ்வொரு வருடமும் பௌலிடம் அந்தச் சுற்றைக் கேட்டு வாங்கினேன். இன்றைக்கும் ஒரு தடவை கிடைத்தால், மற்ற முழங்காலையும் கொடுத்துவிடுவேன்.

அந்த வருடம் இறுதியாட்டம் சில்க்போர்க்கில், ஏரிப் பக்கத்துச் செயற்கைப் புல் மைதானத்தில். கோல்டிங் கல்லூரி ஒன்றும் சில்க்போர்க் கல்லூரி ஒன்றும். பின்னேரம் முழுதாக வருவதற்குள் விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். என்னோடு கோட்டோரம் நின்ற உதவி நடுவர்களில் ஒருத்தியின் பெயர் சீன; இருபது வயது, கழுகுக் கண்.

முதலில் சில்க்போர்க் வரிசையைப் பார்த்தேன். அவர்களின் முன்வரிசைக்காரி ஈடாவின் மூக்கில் ஒரு சின்னப் பொட்டு, புதிதாகக் குத்தியது.

"கழற்ற வேண்டும்" என்றேன்.

"கழற்றினால் ஓட்டை மூடிவிடும்."

அவளுடைய பயிற்சியாளர் ஒட்டுநாடாவோடு வந்தார். இல்லை என்று தலையாட்டினேன். ஈடா அழுதாள். கழிப்பறைக்குப் போய், மூக்குச் சிவந்து வந்து, அந்தப் பொட்டைப் பயிற்சியாளரின் கையில் வைத்தாள். கோல்டிங் பிள்ளைகள் இத்தனையையும் எதிர்ச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவர்களின் முறை. கோல்காப்பாளரும் தலைவியும் ஒருத்தியே: ஆரபி. எங்கள் தமிழ்ப் பிள்ளை. கோயில் மண்டபத்தில் முகம் கண்டிருக்கிறேன், பேசியதில்லை. வலக் கையுறையைக் கழற்றிக் காட்டினாள். காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். மெல்ல மெல்ல இடக் கையுறையும் வந்தது. மணிக்கட்டில் கௌரிக் காப்பு. மஞ்சள் நூல், முடிச்சு முடிச்சாக, மஞ்சள் இன்னும் காயாதது போன்ற புதுசு. கேதார கௌரி விரதம் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஐயர் கட்டிவிட்டால் அடுத்த வருடம் புதுக் காப்புக் கட்டும்வரை அதைக் கழற்றுவதில்லை என்று எனக்கா தெரியாது? எங்கள் வீட்டில் ஒவ்வொரு வருடமும் இதே வழக்கு. நடுவரும் கையில் ஒன்றும் கட்டக்கூடாது, கடிகாரத்தைத் தவிர. "உங்களுக்குக் கட்டி என்ன, சனிக்கிழமை வந்தால் கழட்டுவியள்" என்று மனைவி எனக்குக் கட்டுவதை எப்போதோ விட்டுவிட்டாள்.

"அதைக் கழற்ற வேண்டும்" என்றேன், டெனிஷில்.

"நேற்று ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை." அவளும் டெனிஷில்தான்.

"நேற்று உங்கள் ஆட்டத்தை நான் ஊதவில்லை."

"இது நூல். இரும்பு இல்லை. கையுறைக்குள்தான் இருக்கும், ஒருவருக்கும் தெரியாது."

உண்மைதான். ஒருவருக்கும் தெரியாது. ஆனால் நடைபாதையின் கோடியில் ஈடா கடதாசித் துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

ஆரபி குரலைத் தாழ்த்தினாள். "அப்பாவுக்கு நாளைக்கு இருதய ஒபரேஷன். ஆர்ஹுஸ் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். அதற்காகத்தான் இந்த முறை நானும் விரதம் பிடித்தேன்." அந்த டெனிஷ் வாக்கியங்களுக்குள் 'அப்பா'வும் 'விரத'மும் மட்டும் தமிழாக நின்றன.

யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும், தாயார் வந்துவிட்டார். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவர். அன்று இரவு வேலைக்குப் போவதற்காக மேலங்கிக்குள் வேலைச் சட்டையோடு நின்றார்.

"அண்ணை, ஒருக்கா நில்லுங்கோ. இது காப்பு. நீங்கள் வேறை ஆக்களில்லை, உங்களுக்குத் தெரியுந்தானே."

சில்க்போர்க் பயிற்சியாளர் எங்களைப் பார்த்தார். அவருக்கு விளங்காத மொழியில், ஆட்டம் தொடங்குமுன், நடுவரோடு எதிரணிக்காரியின் தாய். நான் டெனிஷில் சொன்னேன்: "எல்லாருக்கும் ஒரே விதி. உடம்பில் எதையும் அணிய முடியாது."

"என்ன அண்ணை டெனிஷிலை கதைக்கிறியள்? நான் என்ன கொம்யூனுக்கோ வந்தனான்?"

ஆரபி வெட்கத்தில், "அம்மா, விடுங்கோ" என்றாள். தாயார் விடவில்லை. மேலங்கியின் கையைத் தூக்கி, முழங்கைக்கு மேலே கட்டியிருந்த தன் காப்பைக் காட்டினார்.

"இஞ்சை பாருங்கோ. எங்கடை வேலையிலையும் முழங்கைக்குக் கீழை ஒண்டும் இருக்கக்கூடாது. நாங்கள் எல்லாரும் மேலைதான் கட்டுறது. ஐயரும் ஒண்டும் சொல்லுறேல்லை. இவளுக்கும் மேலை ஏத்திவிடுறன். சட்டைக்குள்ளை கிடக்கும். சரியோ?"

எவ்வளவு அழகான வழி. இந்த நாட்டு விதியோடு சண்டை பிடிக்காமல், சாமியையும் விடாமல், ஒரு முழங்கை தூரம் ஏறி நின்றுகொண்ட வழி. எனக்கு ஓம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. அந்த ஆசையை இப்போதும் நெஞ்சில் தொட்டுப் பார்க்க முடியும்.

"உடம்பில் எங்கேயும் முடியாது" என்றேன், டெனிஷில்.

விளங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்க்கவில்லை.

ஆரபி கையுறைகளைத் தரையில் போட்டாள். "அப்படியென்றால் நான் ஆடவில்லை." அவர்களிடம் வேறு கோல்காப்பாளர் இல்லை. பின்வரிசையில் ஆடும் ஃப்ரேயா என்ற நெட்டைப் பிள்ளை அந்தக் கையுறைகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டாள். ஆரபி மாற்று ஆட்டக்காரியாக வாங்கில் இருந்தாள். என் விசிலுக்காக அவர்கள் காத்திருந்தார்கள். ஊதினேன்.

அந்த முதல் பாதியைப் போல நீளமான ஒன்றை நான் ஓடியதில்லை. கோல்டிங் பிள்ளைகள் நன்றாகத்தான் ஆடினார்கள், ஆனால் பந்து தங்கள் பக்கம் வரும்போதெல்லாம் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். ஃப்ரேயா பந்தைப் பிடிக்காமல் காலால் உதைத்தாள். பாதி முடியப் போகும் நேரத்தில் ஈடா தலையால் ஒன்று அடித்தாள். ஃப்ரேயா தப்பான பக்கம் விழுந்தாள். ஈடா மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி ஓடினாள். நான் நடுக் கோட்டைக் காட்டினேன். ஆரபி வாங்கிலிருந்து எழும்பி, "பரவாயில்லை ஃப்ரேயா, பரவாயில்லை!" என்று கத்தினாள். இடக்கை மணிக்கட்டை வலக்கை பொத்திப் பிடித்திருந்தது.

இடைவேளையில், ஆட்டம் பார்க்க வந்திருந்த பௌல் நடுவர் அறைக்கு வந்தார். அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த நூல் என்னவென்று உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்குத் தெரிய வேண்டுமா?"

"வேண்டாம்."

"நல்லது." உப்புத் தூவினார். பிறகு, "முட்டை வேண்டுமா?" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் இரக்கம் வந்து நான் கண்டதில்லை.

வெளியே வந்தால், கோல்டிங் பயிற்சியாளர் மாற்று ஆட்டக்காரிக்கான சீட்டோடு நிற்கிறார். பக்கத்தில் ஆரபி. இரண்டு கைகளையும் நீட்டினாள், நான் கேட்கும் முன்னரே. புறங்கை, உள்ளங்கை, விரல் விரித்து. காப்பு இல்லை. அது இருந்த இடத்தில் மஞ்சள் வளையமாகக் கறை. விதியில் கறையைப் பற்றி ஒன்றும் இல்லை. கண்கள் அழுதிருந்தன, ஆனால் அழுது முடித்திருந்தன. தடுப்புக் கம்பிக்கு அப்பால் தாயார் கைத்தொலைபேசியைத் தூக்கி மைதானத்தின் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

ஃப்ரேயா தன் இடத்துக்கு ஓடினாள், விடுதலையான கன்றுபோல. கோல்டிங் அணி திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டது. ஆரபி பறந்தாள், விழுந்தாள், எழும்பிக் கத்தினாள். அவள் கத்தல் டெனிஷ். விழும்போது மட்டும் "ஐயோ". கடைசி நேரத்தில் கோல்டிங் ஒன்று போட்டுச் சமன் செய்தது. வெற்றியைப் பெனால்டிகளால் முடிவு செய்ய வேண்டியதாயிற்று.

இரு பக்கமும் மாறி மாறி அடித்தார்கள். சமமாகவே போய்க் கடைசியில் கோல்டிங் பிள்ளை ஒருத்தி கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டாள். இனிச் சில்க்போர்க் போட்டால் கிண்ணம் அவர்களுக்கு; ஆரபி தடுத்தால் ஆட்டம் தொடரும். ஈடா வந்து பந்தை வைத்தாள். நான் ஊதினேன். ஈடா இடப்பக்கம் அடித்தாள். ஆரபி நீண்டு விழுந்து இடக்கையால் தட்டினாள். பந்து வெளியே போனது. கோல்டிங் பிள்ளைகள் ஓடத் தொடங்கிவிட்டார்கள்.

சீனவைப் பார்த்தேன். கோல் கோட்டின் முனையில் நின்றவள் கொடியைத் தூக்கியிருந்தாள். பெனால்டி அடிக்கும் கணத்தில் கோல்காப்பாளரின் ஒரு காலாவது கோட்டில் இருக்க வேண்டும். காதில் கருவி இல்லாத காலம். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அவள் உதடுகள் ஒட்டியிருந்தன, கண் மட்டும் சொன்னது: இரண்டு காலும். நானும் கண்டிருந்தேன். அவள் கொடியைத் தூக்காமல் இருந்திருக்கலாமே என்று ஒரு மூச்சு நேரம் ஏங்கினேன். பிறகு ஊதினேன்.

"மறுபடி."

மைதானமே என்மேல் விழுந்தது. ஆரபி மட்டும் தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். கோட்டுக்குத் திரும்பி நடந்தாள். ஈடா இந்த முறை வலப்பக்கம் அடித்தாள். வலை அசைந்தது.

கிண்ணம் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். தோற்ற பிள்ளைகள் புல்லில் வட்டமாக இருந்து, ஒருத்தியின் தோளில் ஒருத்தி கை போட்டு, நெடுநேரம் எழும்பவில்லை. சேர்ந்து ஆடியது முடிந்துவிட்டதென்று அவர்களுக்குத் தெரியும். அந்த வட்டத்தைத் தாண்டித்தான் நான் உடுப்பு மாற்றப் போக வேண்டியிருந்தது.

கறுப்புச் சட்டையைக் கழற்றிப் பையில் வைத்து, காரில் ஏறி இருந்தேன். ஜன்னலில் தட்டினார்கள். ஆரபியின் தாயார். இறங்கினேன்.

"தங்கச்சி…" என்றேன்.

"ஓ, தமிழ் தெரியும் போலை கிடக்கு!"

அவர் தொலைபேசியை நீட்டினார். "இந்தாங்கோ. இவர் உங்களோடை கதைக்கவேணுமாம். சொன்னாலும் கேக்கிறாரில்லை."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து ஓர் ஆண்குரல், மூச்சு வாங்கியபடி. "தம்பி, ஒண்டு கேக்கவேணும். அவள் கோட்டை விட்டு வந்தவளோ, இல்லாட்டி அந்தப் பிள்ளை கொடியைச் சும்மா தூக்கினதோ? இவ போனை ஆட்டி ஆட்டிப் பிடிச்சு எனக்கு ஒண்டும் தெரியேல்லை."

"வந்தவ அண்ணை. ரெண்டு காலும்."



"ம்… அவளுக்குச் சின்னனிலையிருந்து உந்தப் பழக்கம். கராஜ் கதவடியிலை நான்தான் பந்தடிச்சுப் பழக்கினது. நான் காலைத் தூக்க முந்திப் பாய்ஞ்சிடுவாள்." சிரிக்கத் தொடங்கி இருமினார்.

"சிரியாதேங்கோ, நேர்ஸ் வந்து ஏசப்போறா" என்று தாயார் தொலைபேசியை வாங்கிக்கொண்டார். அணைத்துவிட்டு உடனே போகவில்லை. மேலங்கிப் பொத்தானைப் போட்டபடி சொன்னார்:

"இடைவேளையிலை நான்தான் அவருக்கு எடுத்தனான், உங்களைப் பற்றி முறைப்பாடு சொல்ல. கேட்டார், 'ரெஃப்ரி எங்கடை ஆளோ?' எண்டு. ஓம் எண்டன். 'அப்ப கழட்டத்தான் வேணும். எங்கடை பிள்ளைக்கு எங்கடை ஆள் விட்டுக்குடுத்ததெண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது. கழட்டி நீ வைச்சிரு. எனக்காகப் பிடிச்ச விரதம், நான் சொல்லுறன், கழட்டு' எண்டு அவளுக்குச் சொன்னவர்." உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நூல் அவர் கை வியர்வையில் நனைந்து சுருண்டிருந்தது. "எனக்கு இன்னும் மனம் ஆறேல்லை அண்ணை. நாளைக்கு அவர் எழும்பட்டும். பிறகு பாப்பம்."

அவர் போனதும், அந்த ஞாயிறு இரவும் மறுநாள் பகலும் நான் எப்படி இருந்தேன் என்று எழுதப்போவதில்லை. திங்கள் பின்னேரம் கோயில்காரர் ஒருவர் மூலம் செய்தி வந்தது: ஒபரேஷன் நல்லபடி முடிந்தது. ஆனாலும் கோயிலில், "பிள்ளையின்ரை காப்பைக் கழட்டின ரெஃப்ரி" என்ற பெயர் எனக்குச் சில வருடம் இருந்தது. பரவாயில்லை. நான் கழற்றவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஆரபியின் தகப்பனாரை நான் இன்றுவரை நேரில் கண்டதில்லை. கோல்டிங் பக்கம் போகும்போதெல்லாம் அவர்கள் வீட்டுத் தெரு திரும்பும் இடம் தெரியும், திரும்பியதில்லை. ஆரபி பிறகு ஒரு கழக அணியில் கோல் காக்கத் தொடங்கினாள். அவள் ஆட்டம் எப்போது எனக்கு விழும் என்று தெரியாது. அந்த வீட்டில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு அவள் கையைப் பரிசோதிக்க என்னால் முடியாது. ஒரு சொல்லால் என்னைத் தன் ஆளாக எண்ணிய மனிதரின் முற்றத்தில் போய் நிற்க வேண்டும் என்று இத்தனை வருடமும் ஆசை. அந்த ஆசையை ஒவ்வொரு பருவமும் விசிலோடு சேர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓடினேன். இப்போது கழுத்தில் விசில் இல்லை.

போன கிழமை அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். யார் என்று சொன்னேன்.

"அட, ரெஃப்ரித் தம்பியோ!"

"அண்ணை, ஒருநாள் வீட்டை வரட்டோ?"

"இவ்வளவு வருசமும் ஏன் வரேல்லை?"

"இவ்வளவு வருசமும் ரெஃப்ரி, அண்ணை."

"இப்ப?"

"இப்ப ஒண்டுமில்லை."

"அப்ப வாரும்" என்றார்.